மூன்று சாண் உயரத்தில் ஒரு அம்பாசிடர்

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையில், மாதையன் பட்டறைக்கு முன்னால், மஞ்சள் கூரை போட்ட ஒரு கறுப்பு அம்பாசிடர் டாக்ஸி 1983ஆம் ஆண்டு ஆயுத பூஜை நாளின் பிற்பகலிலிருந்து தரையைத் தொடாமல் மூன்று சாண் உயரத்தில் நிற்கிறது. அடியில் ஜாக்கி கிடையாது, கட்டை கிடையாது, மேலே கயிறும் கிடையாது. அந்த வருஷம் தக்காளி கூடை நாலு ரூபாய்க்கு இறங்கியது, கார் இறங்கவில்லை. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்ப்பார்கள், குனிந்து கையை விட்டுத் துழாவுவார்கள், பிறகு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வருஷத்திலேயே அது பழகிப்போயிற்று. மனுஷனுக்குப் பழகாதது என்று ஒன்று உண்டா?

பட்டறையின் பெயர்தான் மாதையன் பட்டறை. தொழில் இரண்டு பேருடையது. மாதையன் இஞ்சின்காரன். சவுரியப்பன் அடிவேலைக்காரன், வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை எல்லாம் அவனுடையது. மாதையனுக்கு இருந்த நிலத்தில் பட்டறை போட்டார்கள், சவுரியப்பன் மனைவி ராஜமேரியின் தோட்டை விற்று சாமான் வாங்கினார்கள். பதினொரு வருஷம் ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றார்கள். சவுரியைப் போல எச்சரிக்கையான ஆளை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்குவதற்கு இல்லை என்பான். சக்கரங்கள் உருளாமல் கல் அண்டக் கொடுப்பான். தூக்கிய பிறகு நாலு புளியங்கட்டைகளை முட்டுக் கொடுப்பான். வண்டியை இடுப்பால் மோதி ஆட்டிப் பார்ப்பான். அதற்கப்புறம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் அடியில் நுழைவான். அவசரக்காரர்கள் முணுமுணுத்தால், "வண்டிக்கு ஆயிரம் பேரு வருவாங்க, எம் பொண்டாட்டிக்கு நான் ஒருத்தன்தான்" என்று சிரிப்பான்.

இரண்டு பேருக்கும் நடுவில் எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையன்று பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. மாதையன் அதை ஒரு வருஷமும் மீறியதில்லை. அதேபோல ஆயுத பூஜையன்று கற்பூரம் காட்டிவிட்டால், மறுநாள் மறுபூஜை முடியும்வரை சாமான் எதையும் தொடக் கூடாது. சவுரியும் மீறியதில்லை. ஸ்பேனர், ஜாக்கி, புளியங்கட்டை எல்லாவற்றையும் அவனே கழுவிக் கொண்டுவந்து, அவனே சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்குவான். பொரி கடலையை மடியில் வாங்கிக்கொண்டு போய் மகள் தெரசாவுக்குக் கொடுப்பான். ஒருவர் சாமியை ஒருவர் இவ்வளவு மதித்த இடம் அந்தச் சாலையில் வேறெதுவும் இல்லை. வினை அந்த மரியாதைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது என்று யார் கண்டார்கள்?

அந்த ஆயுத பூஜையன்று பகல் இரண்டு மணிக்குக் கற்பூரம் காட்டி முடித்த கையோடு, டாக்ஸிக்காரன் சென்றாயனின் வண்டி பட்டறைக்கு முன்னால் வந்து படுத்துவிட்டது. இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டின் ஜாயின்ட் உடைந்திருந்தது. பின் சீட்டில் குள்ளம்மாள் என்ற கிழவி வயிற்று வலியில் புரண்டுகொண்டிருந்தாள், தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூஜை நாளாதலால் சாலையில் வண்டி வாகனமே இல்லை. சென்றாயன் டிக்கியில் ஒரு ஜாக்கியும் நாலைந்து ஸ்பேனரும் ஒரு பழைய ஜாயின்டும் வைத்திருந்தான். அவை பூஜையில் இல்லாத சாமான்கள், தொடலாம். முட்டுக் கொடுக்கக் கட்டைதான் இல்லை. சவுரி பட்டறைக்குள் வந்து படத்துக்கு முன்னால் நின்றான்.

"மாதையா, கட்டைய மட்டும் எடுத்துக்கறேன்."

"கற்பூரம் காட்டியாச்சு சவுரி. நாளைக்கு."

சவுரி ஒரு நொடி நின்றான். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் மாதையன் கொடுத்திருப்பான், அதை மாதையனே பின்னால் லட்சம் தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமைகள் பதினொன்று சவுரியின் வாயை அடைத்தன. வெளியே போனான். கிணற்றடியில் கிடந்த செங்கல்லை இரண்டு பக்கமும் அடுக்கினான். செங்கல்லை நம்பாதே, தாங்குகிற மாதிரி பாசாங்கு செய்து ஒரே நொடியில் பொடியாகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அவன்தான். கிழவி "ஏஞ்சாமி, செத்தேன்" என்று கத்தினாள். அவன் வண்டியை ஆட்டிப் பார்த்தான், நின்றது. சிலுவை போட்டுக்கொண்டு நுழைந்தான். இருபது நிமிஷத்தில் ஜாக்கி சரிந்தது, செங்கல் பொடியானது.

பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, பத்துப் பேர் சேர்ந்து காரைத் தூக்கினார்கள். மாதையன் காலைப் பிடித்து சவுரியை வெளியே இழுத்தான். அப்புறம்தான் யாரோ பார்த்துச் சொன்னார்கள்: எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள், கார் அப்படியே நிற்கிறது. அப்போது அதைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை. ஓசூரிலிருந்து அப்போதுதான் வந்த தக்காளி லாரியை மறித்து, கூடைகளுக்கு நடுவில் சவுரியையும் குள்ளம்மாளையும் கிடத்தி தர்மபுரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் குள்ளம்மாள் திரும்பி வந்தாள்.

போலீஸ்காரர் வந்து மாதையனைக் கேட்டார். "அவசரப்பட்டுட்டானுங்க. கட்டை வெக்காம பூந்துட்டான்" என்றான். அதில் பொய்யென்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை இருந்தது, அது அவன் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டது.

அதற்கப்புறம் காரை இறக்கச் செய்த முயற்சிகளுக்குக் குறைவில்லை. சென்றாயன் கூரைமேல் ஆறு பேரை ஏற்றி உட்கார வைத்தான், அவர்கள் சீட்டாடிவிட்டு இறங்கினார்கள். கரும்பு லாரியில் சங்கிலி கட்டி இழுத்தார்கள், லாரியின் முன்சக்கரம் மேலே எழும்பியதும் டிரைவர் பயந்து அவிழ்த்துவிட்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, டயரில் தேய்மானம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மந்திரிக்கிறவர் வந்தார், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். காற்றடித்தால் நாலு சக்கரமும் மெல்லச் சுற்றும். கடைசியில் சென்றாயன் தலை முழுகிவிட்டு வேறு வண்டி வாங்கினான்.

ராஜமேரி அடக்கம் முடிந்த ஏழாம் நாள் வந்து பார்த்தாள். காருக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு நிக்கத் தெரியுதே, அன்னைக்கு நிக்கத் தெரியலையா ஒனக்கு?" என்று காரிடம் கேட்டாள். வயிறு எரிந்து கேட்டாள். அங்கே நின்றவர்களில் அழாதவர் இல்லை. மாதையன் மட்டும் பட்டறைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான், அவனுக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து அவன் எந்த வண்டிக்கு அடியிலும் நுழையவில்லை. மேல் வேலை மட்டும் பார்த்தான். ஆயுத பூஜையையும் நிறுத்திவிட்டான்.

வருஷங்கள் போயின. சவுரியின் பெயர் மட்டும் தனியாக ஊர் சுற்றியது. பாலக்கோட்டிலிருந்து ஓசூர்வரை எந்தப் பட்டறையில் எவன் முட்டுக் கொடுக்காமல் அடியில் நுழையப் போனாலும், "டேய், சவுரியாட்டம் பூந்து செத்துறாதடா" என்று மற்றவன் கத்தினான். அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. கண்ணும் காதும் மூக்கும் வைத்துப் பேசுகிற ஊரில் அதற்கு மேலும் ஒன்று சேர்ந்தது: அன்றைக்கு அவன் குடித்திருந்தான் என்றார்கள். சாராய வாசனையே ஆகாத மனுஷன். அந்தச் சாலையிலேயே எச்சரிக்கையானவன் பெயர் கவனமில்லாதவனுக்கு அடையாளமாகப் போயிற்று. ஒரே வார்த்தையில் அதைத் திருத்தக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான், அவன் கார்பரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

1988இல் கம்பைநல்லூரிலிருந்து தெரசாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண் பிடித்திருந்தது. பத்து நாள் கழித்து, குடித்துவிட்டு வண்டிக்கடியில் போய்ச் செத்தவன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார்கள். ராஜமேரி மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்கண்ணா. அன்னைக்கு அவரு குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா."

"அப்பறம் ஏன் கட்டை வெக்கல? வூட்டுல மொளகாத் தூள் டப்பா எறக்கறதுக்குக்கூட ஸ்டூல ஆட்டிப் பாத்துட்டு ஏறுற மனுசன்."

மாதையன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "கேட்டான். நாந்தான் குடுக்கல. கற்பூரம் காட்டியாச்சு, நாளைக்குன்னு சொன்னேன்" என்றான். ஐந்து வருஷ முள் அத்தனை சுலபமாக வெளியே வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவன் காரைப் பார்த்தான். இதைச் சொன்ன அன்று கார் இறங்கும் என்று அவன் உள்ளுக்குள் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையை யாரிடமும் சொன்னதில்லை. ராஜமேரியும் அவன் பார்வை போன திக்கில் பார்த்தாள். கார் நின்றது. ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

"ஒங்களால நிக்கலைங்க அது. ஒங்களால எறங்கவும் எறங்காது" என்றாள் ராஜமேரி. அவள் குரல் உயரவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னங்க பண்றது? அவரு கேட்டாருன்னு ஊருக்குச் சொல்லுங்க." போய்விட்டாள்.

மாதையன் மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினான். பாலக்கோடு, நல்லம்பள்ளி, தர்மபுரி, ராயக்கோட்டை, ஓசூர் என்று பட்டறை பட்டறையாக இறங்கினான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று, "சவுரியப்பன் கட்டை கேட்டான், நாந்தான் குடுக்கல" என்று சொன்னான். சிலர் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். சிலர் காறித் துப்பினார்கள். ஓசூரில் ஒருவன், யாருய்யா சவுரியப்பன் என்று கேட்டான், அவனுக்குப் பழமொழிதான் தெரியும், ஆள் தெரியாது. எட்டு மாதம் இப்படித் திரிந்தான். பொய் காற்றிலேயே போயிருந்தது, மெய் பஸ் பிடித்துப் போக வேண்டியிருந்தது. எல்லா இடத்துக்கும் அது போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாலக்கோட்டுப் பட்டறைகளில் சொல்வழக்கு மாறியது: "சவுரியாட்டம் ஆட்டிப் பாத்துட்டு அடியில பூருடா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கம்பைநல்லூர்க்காரர்கள் அதற்குள் வேறு பெண் முடித்துவிட்டார்கள். தெரசாவை நல்லம்பள்ளியில் ஒரு வாத்தியார் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு மாதையனை யாரும் அழைக்கவில்லை. அவன் கோயில் மதிலுக்கு வெளியே நின்று மணிச்சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

1989 நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். ராஜமேரி சவுரியின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்கு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்து, சவுரி கிடந்த இடத்தில் மல்லாந்து படுத்தாள்.

"கடைசியா அவரு என்னத்தைப் பாத்திருப்பாருங்கண்ணா? வந்து காட்டுங்க."

மாதையன் ஆறு வருஷம் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதவன். காரைச் சுற்றி மறுபக்கம் போனான். ஜாக்கி இல்லை, கட்டை இல்லை என்று அவனுக்குத் தெரியும். இடுப்பால் மோதி ஒரு தரம் ஆட்டிப் பார்த்தான். நுழைந்தான். இது சைலன்ஸர் குழாய், இது பெட்ரோல் டாங்கி, மூஞ்சிக்கு நேராக இருந்தது இந்தத் தண்டு என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துக் காட்டினான். ஜாயின்டில் கை போனதும் நின்றுவிட்டது. நாலு நட்டில் மூன்று இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தன. நாலாவது, இரண்டு புரி மட்டும் ஏறி, விரல் திருகி விட்ட இடத்தில் அப்படியே நின்றது.

"மூணு முடுக்கிட்டான்மா. இது ஒண்ணுதான் பாக்கி." மாதையன் வாயைத் திறந்து அழுதான். ராஜமேரி பக்கத்தில் படுத்தபடி அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது.

"முடுக்கிடுங்க" என்றாள்.

அவன் வெளியே வந்து ஸ்பேனரும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனான். துரு இளகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவன் முடுக்கினான், கடைசி அரைச் சுற்றுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப வண்டி ஓடுங்களாண்ணா?"

"ஓடும்மா."

வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. விடட்டும் என்று இருவரும் காருக்கு அடியிலேயே இருந்தார்கள்.