மேற்குக் கதவின் பூட்டு

மேற்கே வெளிறிய குன்றுகள் வரிசையாய் நிற்க, அவற்றின் அடியை ஒட்டி வளைந்து வந்த இருப்புப்பாதை ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழைய, அவ்வூரின் முகப்பில் இரம்பப் பற்கள்போல் ஏறியிறங்கும் கூரையும், கரி படிந்த நெடும் புகைபோக்கியும், நூற்றெட்டுச் சாளரங்களும் கொண்டு பழைய நூலாலை ஒன்று பிற்பகல் ஒளியில் செம்மாந்து நின்றது. குன்றுகள் சுதையால் ஆனவை; ஆறு உறைந்த பசை; ஒளியோ கூடத்துக் கூரையில் தொங்கிய விளக்கினுடையது. படிப்போரே, ஏமாற்றியதைப் பொறுத்தருள்க. இக்கதையில் உள்ள ஏமாற்றுகளுள் இதுவே சிறியது. விளையாட்டுத் தொடர்வண்டிகளைச் செய்து ஓட்டி மகிழும் சிறுதொடர்வண்டிக் கழகத்தார் நெடும்பலகைமேல் அமைத்திருந்த அவ்வூரில், மெய்யுருவின் எண்பத்தேழில் ஒரு பங்காய் நின்ற அவ்வாலையே காட்சிக்கு வந்தோர் அனைவரையும் இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தது.

அதனைச் செய்தவர், இன்று இடிக்கப்பட்டு வெற்றிடமாய்க் கிடக்கும் அதே ஆலையில் முப்பதாண்டு மேற்பார்வையாளராய் இருந்தவர். துண்டுகளை ஒட்டிச் சேர்த்தால் போதுமென்று கடையில் விற்கும் பொருத்துப் பெட்டிகளை ஏறெடுத்தும் பாராதவர். அட்டையை அறுத்து, ஊசிமுனையால் செங்கல் வரிகளை ஒவ்வொன்றாய்க் கீறி, கரித்தூளைத் துணியில் தொட்டுத் தேய்த்து, ஈராண்டு உழைத்து அதனை எழுப்பினார். நிழற்படம் எதிலும் அகப்படாத மேற்குச் சுவரை நினைவைக்கொண்டே செய்தார். கண்ணை மூடி, அச்சுவரோரமாய் உள்ளத்தால் நடந்து, கண்டதைக் கண்டபடி கை செய்யுமாறு விட்டுவிடுவது அவர் வழக்கம். அக்கை செய்வதற்குக் குறுக்கே அவருடைய வாய் ஒருநாளும் வந்ததில்லை. செய்தவர் தம் கைப்பட உறுதிமொழி எழுதி முன்னே வைக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. "இதில் ஒரு செங்கல்கூடப் புனைவு அன்று" என்றெழுதி, அழகாகக் கையொப்பமும் இட்டிருந்தார்.

அவர் இட்ட கையொப்பங்களுள் வேறொன்றும் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், உணவு வேளையில் மேற்குக் கூடத்தில் பஞ்சு தீப்பற்றி முன்வாயிலை அடைத்துக்கொள்ள, உள்ளே தனித்து வேலை செய்துகொண்டிருந்த அவருடைய தமையனார் கரிந்து மாண்டார். "மேற்குக் கதவு திறந்தே இருந்தது" என்று நடுவர்முன் சான்றுரைத்து ஒப்பமிட்டவர் இவரே. திறந்த கதவு எதிரே இருக்க ஒருவர் வெளியேறாமல் மாண்டால், ஊர் அதற்கு ஒரு விளக்கம் வேண்டாமா? குடித்துக் கிடந்தார் என்றது ஊர். கணவரிடத்தில் கள்வாடை ஒருநாளும் கண்டறியாத அண்ணியாரோ முதலில் அழுதார், பின்பு வாதிட்டார், நாளடைவில் தாமும் நம்பிவிட்டார். நம்பிய அன்று கணவரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். அந்த அண்ணியார்தாம் இப்போது கொழுந்தனாரின் கைத்திறனைக் காண வந்து நின்றார்.

கழகத் தலைவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். தம் தொழிலுக்குரிய உருப்பெருக்கிக் கண்ணாடியை அம்மையாரிடம் நீட்டினார்.

"இது வழியா மேற்குச் சுவரைப் பாருங்கம்மா. கதவுல தொங்குற பூட்டைக்கூட மனுஷன் விட்டு வைக்கல."

அம்மையார் குனிந்து பார்த்தார். குண்டூசித் தலையளவே இருந்த அப்பூட்டைப் பார்க்க அத்தனை நேரம் வேண்டியதில்லை.

"தம்பி, இந்தப் பூட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிப்பக்கம் அண்ணி" என்றார் அவர், தொழிற்பெருமை நாவை முந்திக்கொள்ள. "வேலை நேரத்துல யாரும் நழுவிப் போகக் கூடாதுன்னு முதலாளி போடச் சொன்னது. சாவி எப்பவும் என்கிட்டதான்..."

சிறுவண்டி ஊரை ஒருமுறை சுற்றி, ஆலைக்குப் பின்னே மறைந்து, மீண்டும் வெளிவந்தது.

"அன்னிக்கும் பூட்டியிருந்துச்சா?"

"உள்ள ஆள் இல்லைன்னு நெனச்சேன் அண்ணி. சாப்பிடப் போயிட்டேன். சாவி என் சட்டைப் பையில இருந்துச்சு."

"அவர் குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

இருபத்திரண்டு ஆண்டு சுமந்த சொல்லை இறக்கி வைக்க மூன்றெழுத்துப் போதுமாயிருந்தது. அதை அன்றே சொல்லாதவரைக் கோழை என்பதன்றி வேறென்ன என்பது? இப்போதும் அவர் செய்தது என்னவெனில், மேற்சட்டையிலிருந்து சிறு இடுக்கியை எடுத்து, அப்பூட்டைப் பிடுங்கப் போனதே. அம்மையார் அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

"தொடாதீங்க. இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன உண்மை இது ஒண்ணுதான். அதாவது இருக்கட்டும்."

அம்மையார் படியிறங்கும்போது பின்னே கைதட்டல் எழுந்தது. உள்ளதை உள்ளபடி காட்டிய சிறப்புக்காக மேற்பார்வையாளருக்கு முதற்பரிசு வழங்கினர். அவரும் தலைகுனிந்து பெற்றுக்கொண்டார். அக்குனிவை அடக்கம் என்று போற்றினர் அங்கிருந்தோர். பூட்டின் நேர்த்தியைப் பலரும் கண்டனர். அது வெளிப்பக்கம் தொங்குவதேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆலை எரியும், எரியாதது இடியும், பொய்யொன்று மட்டும் சொன்னவர் வாயை விட்டு நீங்கி, நம்பியவர் வீட்டில் வந்து குடியேறி, அங்கேயே முதுமை எய்தும். அன்று மாலை அம்மையார் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தார், முந்தானையால் துடைத்தார், "என்னை மன்னிச்சிடுங்க" என்று அதனிடம் சொன்னார். பின்பு மாட்டுதற்குப் பழைய ஆணித்துளையைத் தேடினார். அதனை முன்பே சுண்ணாம்பு வைத்து அடைத்தவரும் அவரே ஆதலால், இடந்தெரியாமல் நெடுநேரம் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.