செல்வரட்ணத்தைத் தேட எடுத்த படம்

கமரா வாங்கவேண்டும் என்று நான் சொன்னபோது என் மகள் நிரோஜா சிரித்தாள். கைத்தொலைபேசியிலேயே கமரா இருக்கிறதாம். என் பழைய கலியாணப் படத்தை அதில் எடுத்துப் பார்த்தோம். பின்வரிசையில் நிற்கும் தம்பி செல்வரட்ணத்தின் முகம் சாம்பல் அப்பியது போல வந்தது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

யுத்தம் முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. தை மாதத்துக்குப் பிறகு செல்வரட்ணத்தோடு தொடர்பில்லை. அவனோடு பதுங்குகுழியில் இருந்த ஒருவர் சொல்லியனுப்பியது மட்டும் தெரியும்: ஷெல் விழுந்து அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது. தப்பி அகதி முகாமுக்கு வந்திருந்தாலும், ஒலிபெருக்கியில் ஆயிரம் தரம் பெயர் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். கலியாணம் கட்டாதவன், தேட வேறு ஆளும் இல்லை. வவுனியா முகாம்களுக்குப் போய்வருகிற அந்தோனிதாசன் பாதர், படம் அனுப்பினால் காட்டி விசாரிப்பதாகச் சொன்னார். அவனுடைய படம் என்று என்னிடம் இருந்தது கலியாணப் படம் ஒன்றுதான். அதுவும் ஈரத்தில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. உரித்தால் முகமும் சேர்ந்து வந்துவிடும்.

இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரி பளபளப்பான ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது பன்னிரண்டு மெகாபிக்சலாம் அப்பா. இதுதான் நல்லதாம்."

"ஆருக்கு நல்லது? அவவுக்கோ?"

"ஐயோ, கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோ."

"அந்தப் பன்னிரண்டு என்னத்துக்கெண்டு கேள்."

கேட்டாள். படத்தைச் சுவர் அளவுக்குப் பெருப்பிக்க உதவுமாம். பாதர் அச்செடுக்கப்போவது உள்ளங்கை அளவு. பிளாஷைக் கையால் நிறுத்தலாமா, கிட்ட வைத்து எடுக்கலாமா, ஒருவரும் தொடாமல் தானாக எடுக்குமா என்று கேட்கச் சொன்னேன். கடைக்காரி யோசித்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து போன வருடத்து எட்டு மெகாபிக்சல் கமரா ஒன்றை எடுத்துத் தந்தாள். விலையும் பாதி. வியாபாரம் தெரியாத மனிசி. அதனால் கொஞ்சம் நம்பினேன்.

பிராண்டேயில் எங்கள் வீட்டுக்கு வந்து முதல் எடுத்ததில் பிளாஷ் கண்ணாடியில் பட்டு வெள்ளையாய் வெடித்தது. பிளாஷை நிறுத்தினால் படம் இருண்டு, கை நடுங்கி, ஒருவருக்கு இரண்டு மூக்கு. நிரோஜா ஐ.எஸ்.ஓ. என்ற இலக்கத்தை எண்ணூறுக்கு ஏற்றினாள். வெளிச்சம் வந்தது, முகமெல்லாம் மணல் தூவினது போலவும் வந்தது.

"கூட்டினாப் பொரியும், குறைச்சா இருளும். இதென்ன சாமான்?"

"குறைச்சா, கமரா கனநேரம் கண்ணைத் திறந்து வைச்சிருக்கும் அப்பா. அது அசையக்கூடாது. அவ்வளவுதான்."

அசையக்கூடாதென்றால் தொடக்கூடாது. சட்டத்தை யன்னலோரம் நிறுத்தி, கமராவை அரிசி டின்னின் மேல் வைத்தோம். இலக்கம் நூறு. கிட்ட எடுப்பதற்கான பூக்குறி. அமத்திவிட்டு இரண்டு விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்தாள். கண்ணாடியில் என் வெள்ளைச் சேட் தெரிந்தது. கறுப்புக் குளிர்ச்சட்டையைக் கமராவுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தேன். ஒன்பதாவது படத்தில் செல்வரட்ணம் வந்தான், புருவத்து வெட்டுக்காயம் வரை.

அதை மின்னஞ்சலில் அனுப்பினோம். மூன்றாம் நாள் பாதர் தொலைபேசியில் வந்தார்.

"ஐயா, படம் நல்ல தெளிவு. ஆனா இதில நிக்கிறது இருபத்தேழு வயசு மாப்பிள்ளை. 'பாதர், பொம்பிளை பாக்கிறியளோ' எண்டு சனம் கேக்குது. பிந்தின படம் ஒண்டும் இல்லையோ?"

இல்லை. இரவு முழுக்க யோசித்தேன். அவனுக்கும் எனக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம், முகமும் ஒரே அச்சு. ஊரில் அவனைத் தேடி அடிக்க வந்தவன் எனக்கு அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவனுக்குப் பதிலாக என்னையே எடுப்பது என்று முடிவெடுத்து, ஒரு கிழமை முகம் வழிக்கவில்லை. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். பொய்ப்பல்லையும் கழற்றினேன். கன்னம் உள்ளே போனது. அவன் வெட்ட வெயிலில் கிடந்தவன், நான் இருபத்திரண்டு வருடம் டென்மார்க்கில் வெளிறிப்போனவன். அதற்கு நிரோஜாவிடம் ஒரு வழி கேட்டேன். கமராவில் பிளஸ், மைனஸ் என்று ஒன்று இருந்தது. மைனஸ் பக்கம் போனால் படம் கறுக்கும்.

"ஒண்டு காணாது. இன்னும் ஒண்டு இறக்கு."

"உச்சி வெயிலில ஆளை எடுக்கக்கூடாதெண்டு புத்தகத்தில போட்டிருக்கு. கண் குழி விழுமாம்."

"அந்தக் குழிதான் எனக்கு வேணும். எடு."

கராஜ் சுவரோடு நிற்கவைத்து எடுத்தாள். சின்னத் திரையைப் பார்த்துவிட்டுக் கமராவை என்னிடம் தரவில்லை.

"செத்த ஆள் மாதிரிக் கிடக்கிறியள்."

"செத்த ஆள் வேண்டாம். தப்பின ஆள் மாதிரி வந்தாக் காணும்."

டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். இன்னும் நாலு எடுத்து, ஒன்றை அனுப்பினாள்.

பதினொரு நாள் ஒரு கதையும் இல்லை. அந்தப் பாதரை எனக்கு முன்பின் தெரியாது. படத்தை மேசைக்குள் போட்டுவிட்டு இருக்கிறார் என்றே நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் நிரோஜா ஓடிவந்து தொலைபேசியைத் தந்தாள்.

"ஐயா, ஆள் இருக்கிறார்," என்றார் பாதர். "தண்ணிக்கு நிண்ட வரிசையில காட்டிக்கொண்டு போக, ஒரு கிழவர் படத்தைப் பறிச்சுப்போட்டார். இது நீங்களோ எண்டு கடதாசியில எழுதிக் காட்டினன். நானில்லை, எங்கட அண்ணை எண்டு கத்துறார்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்குதோ ஐயா? ஒரு கரைச்சல் இருக்கு. அண்ணையை எப்ப பிடிச்சவங்கள், எந்த முகாமில வைச்சிருக்கிறாங்கள் எண்டு கேட்டு அழுகிறார். டென்மார்க் எண்டு எழுதினன். நம்பிறாரில்லை. டென்மார்க்கில இருக்கிற மனிசனுக்கு ஏன் இந்தக் கோலம் எண்டு என்னோட சண்டை. இப்ப உங்களைத் தேடி வேலிப் பக்கம் போறார், அங்க ஆமிக்காரன் நிக்கிறான். ரெண்டு தரம் இழுத்துக்கொண்டு வந்தனாங்கள். முகத்தை வழிச்சு, பல்லைப் போட்டு, நல்ல சேட்டோட ஒரு படம் அனுப்புங்கோ. இண்டைக்கே அனுப்புங்கோ."