ஒழுகும் வரை

அந்த வீட்டில் அவனுக்கு மாப்பிள்ளை என்பதுதான் பெயர். மாமனார், மாமியார் மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரரும் பேப்பர் போடுகிறவரும்கூட அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பல் செட் செய்யும் லேபில் அவனுக்கு வேலை. வேலை பார்த்த லேபைத் திடீரென்று மூடிவிட்டார்கள். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு பெட்டியோடு மனைவியின் வீட்டுக்கு வந்தான். வேறு லேபில் சீக்கிரமே வேலை கிடைத்துவிட்டது. வீடுதான் விடவில்லை. முதல் வருடம் மாமியாருக்கு ஆபரேஷன். இரண்டாம் வருடம் மாடியில் நீர்க்கசிவு. அதற்கப்புறம் இருந்துவிட்டதற்குக் காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. நாலு வருடம் ஓடிவிட்டது.

இப்போதுதான் ஒரு வீடு அமைந்திருந்தது. இரண்டே அறை, லேபுக்கு நடந்து போகிற தூரம். அடுத்த மாதம் முதல் தேதி வரலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். விஷயத்தை மாமனாரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலை நிமிராமலே பதில் சொன்னார்.

"தாராளமாப் போங்க மாப்ள. போறதுக்கு முன்னாடி அந்த கார் ஆயில் லைனை மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போங்க."

மாமனார் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் இயக்கியவர். ஆறு மாடி உயரத்திலிருந்து பார்த்து, கீழே நிற்கிற லாரியில் கண்டெய்னரைச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பாராம். ஓய்வு பெற்ற வருடம் யாரிடமும் கேட்காமல் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டு கதவு, கரும்பச்சை நிறம். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்போதே அதற்கு இருபது வயது. "எனக்கு ஒரு பையன் இல்லாத குறையை இது தீர்த்துடுச்சு" என்று மகள் காதுபடவே சொல்வார்.

அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். அதன் ஆயிலை ஆற வைக்கிற கூலர் முன்னால். சூடான ஆயில் வலது பக்கக் கதவுக்கு அடியில் ஒரு பைப்பு வழியாக முன்னால் போய், இன்னொரு பைப்பு வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்த இரண்டு பைப்புகளும் துருவேறி ஒழுக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து கார் ஷெட்டை விட்டு நகரவில்லை. வாரம் ஒருமுறை மாமியார் அடியில் புது அட்டையை விரித்துப் பழையதை எடுத்துப் போடுவாள். முகம் சுளிக்காமல் செய்வாள். அது ஏன் என்று மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் புரிந்தது.

மனைவி அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துப் பேசினாள். "ஒரு நட்டை மட்டும் சரியா இறுக்காம விட்டுருங்க."

"எதுக்கு?"

"ஒழுகட்டும். ஒழுகற வரைக்கும்தான் அவர் வெளிய எடுக்க மாட்டார். போன மாசம் கடைத்தெருவுல சொந்தத் தங்கச்சி எதிர்ல வந்து நிக்கறாங்க, பாக்காம தாண்டிப் போறார். கேட்டா ஏதோ யோசனையில இருந்தேங்கறார். கண்ணு சரியில்லங்க. எவ்வளவு சரியில்லன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறார்."

"சூடான சைலன்சர் மேல ஆயில் சொட்டினா தீப்பிடிக்கும்."

"நெறைய வேணாம். கொஞ்சமா."

"கொஞ்சமாத் தீப்பிடிக்கணுமா?"

அவள் சிரிக்கவில்லை. "அம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. நாம போயிட்டா அவரை யார் தடுக்கறது?"

மாப்பிள்ளைக்கு மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சரியாகச் செய்தால் கிழவர் காரை எடுத்துக்கொண்டு போய் எங்காவது முட்டுவார். அரைகுறையாகச் செய்தால் தன் கையாலேயே ஒரு கெட்ட காரியம் செய்த மாதிரி ஆகும். பல் செட்டில் ஒரு மயிரிழை உயரம் கூடினாலும் திருப்பி வாங்கித் தேய்த்துக் கொடுக்கிறவன் அவன். இரவு முழுவதும் புரண்டு படுத்தான்.

சனிக்கிழமை காலை மனைவிக்குப் பள்ளி அலுவலகத்தில் அரை நாள் வேலை. மாமியார் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தான். அது காருக்கு அளவெடுத்துக் கட்டிய மாதிரி குறுகலானது. பின் சக்கரத்தைக் கழற்றி, நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளில் காரைத் தூக்கி நிறுத்தி, ஆயிலை முன்தினமே வடித்திருந்தான். வெயில் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. மாமனார் வாசலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"முன் பக்க நட்டு வந்துருச்சா மாப்ள?"

"வந்துருச்சு மாமா."

"ரெண்டு ஸ்பானர் போட்டீங்களா? ஒண்ணு பிடிக்க, ஒண்ணு திருப்ப."

"போட்டேன் மாமா."

"ஒண்ணு மட்டும் போட்டுத் திருப்பினா பைப்பே முறுக்கிக்கும்."

"ரெண்டு போட்டேன் மாமா."

பின் பக்கம்தான் தகராறு. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாளாக அடித்து ஊற வைத்தும் முதல் நட்டு அழுது அடம் பிடித்துத்தான் கழன்றது. இரண்டாவது நட்டு பைப்புக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பைப்புக்கும் காரின் அடிவிளிம்புக்கும் நடுவே ஒரு நீளமான நெம்புகோலைக் கொடுத்து நெம்பினான். பைப்பு ஒரு அங்குலம் கீழே வந்தது. இடது கையால் நெம்புகோலை அழுத்திப் பிடித்தபடி, வலது கையை அந்தச் சந்துக்குள் விட்டான். அவனுக்குச் சின்னக் கை. அந்தக் கையை வைத்துத்தான் அவனுக்குப் பிழைப்பு.

நட்டு விரலுக்குத் தட்டுப்பட்ட அதே நேரத்தில் ஆயில் பட்ட இடது கை வழுக்கியது. நெம்புகோல் எகிறித் தரையில் விழுந்து ஸ்டூல் பக்கமாக உருண்டது. பைப்பு பழைய இடத்துக்கே திரும்பி, அவன் மணிக்கட்டை விளிம்போடு சேர்த்துக் கவ்விக்கொண்டது.

முதலில் வலிக்கவில்லை. யாரோ மரியாதையாகக் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இழுத்தான். வரவில்லை. திருப்பி இழுத்தபோது எலும்பு வரை வலித்தது. மல்லாந்து கிடந்தபடி இடது கையால் பைப்பைக் கீழே தள்ளிப் பார்த்தான். படுத்துக்கொண்டு ஒரு கையால் நகர்த்துகிற பைப்பா அது?

"என்ன சத்தம்?" என்றார் மாமனார்.

"கை மாட்டிக்கிச்சு மாமா."

"ஆப்பசைச்ச குரங்கு மாதிரியா?" என்று கேட்டுச் சிரித்தார். பதில் வராததைப் பார்த்து எழுந்துகொண்டார். "நெசமாவா?"

"அந்த நெம்புகோலை எடுத்துக் குடுங்க. உங்க காலடியில கிடக்கு."

முன் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து மாப்பிள்ளைக்கு மாமனாரின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. நெம்புகோல் வலது செருப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. செருப்பு அதைத் தாண்டிப் போனது. மேசையருகே எதையோ துழாவும் சத்தம். கொண்டு வந்து நீட்டியது ஒரு அரம்.

"இது இல்ல மாமா. நீளமா, கறுப்பா. உங்களுக்குப் பின்னாடி."

செருப்புகள் திரும்பின. மாமனார் குனிந்தார். இப்போது முகம் தெரிந்தது. நெம்புகோலுக்கு நேராகத்தான் பார்த்தார். கை அதற்கு எட்டுகிற தூரத்தில் வெறும் தரையைத் தடவியது. பிறகு தலையைக் கோழி தானியம் பார்ப்பது போல ஒருக்களித்துச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடினார்.

மாப்பிள்ளையின் விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன.

"மாமா, விடுங்க. மேசை மேல என் போன் இருக்கு. உங்க பொண்ணுக்கு அடிங்க."

போனை எடுத்தார். வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை.

"அடிச்சீங்களா?"

"எங்க அமுக்கணும்னு பிடிபடல."

"அவ பேரு மேலயே இருக்கும் மாமா."

"இருக்கும்." போனை மேசை மேல் மெல்ல வைக்கும் சத்தம் கேட்டது. "எனக்குத் தெரியல."

"அப்போ அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

"அவர் வேணாம்."

"மாமா, விரல் மரத்துப் போகுது."

"அவர் வந்தா, எனக்குக் காலடியில கிடந்த கம்பி கண்ணுக்குத் தெரியலன்னு சாயந்திரத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரியும். நானே எடுக்கறேன். அசையாதடா."

நாலு வருடத்தில் அவனை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் முறை. கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இந்த மனிதரை நம்பித்தான் தன் கை இருக்கிறது என்ற பயம்.

மாமனார் முழங்காலிட்டுத் தரையைக் கைகளால் தடவிக்கொண்டே வந்து நெம்புகோலைக் கண்டுபிடித்தார். அப்படியே மூச்சு வாங்க, அட்டை மேல் பக்கவாட்டில் படுத்து, காருக்கடியில் நகர்ந்து வந்தார். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. நெம்புகோலின் நுனியை எதற்கோ கீழே கொடுத்து அழுத்தப் போனார்.

"நிறுத்துங்க. அது பிரேக் பைப்பு."

நிறுத்தினார்.

"நடுவுல தெரியல மாப்ள," என்றார். "சுத்தித் தெரியுது. எதைப் பாக்கறனோ அது மட்டும் தெரியல. அழுக்குத் துணியால அங்க மட்டும் யாரோ துடைச்சுவிட்ட மாதிரி. அஞ்சு மாசமாத் தடவிப் பாத்துத்தான் சவரம் பண்றேன். வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார்."

"அப்புறம் எதுக்கு மாமா இந்த வேலை?"

"ஒழுகற வண்டியா அதை விட்டுட மனசு வரல" என்றார். "ஓட்டலாம்னும் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன். விடியக்காலம் ரோட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னு."

மாப்பிள்ளை இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். முரட்டுக் கை, வேர்த்திருந்தது. மெல்ல நகர்த்தி நெம்புகோலின் நுனியைப் பைப்பின் மேல் கொண்டுபோய் வைத்தான்.

"கொஞ்சம் உள்ள. இன்னும். இதுதான் விளிம்பு, தட்டுப்படுதா?"

"படுது."

"இப்ப உங்க பக்கமா இழுங்க. விட்டுடாதீங்க."

கிரேன்காரர் இழுத்தார். வெடுக்கென்று இல்லை. பாரம் பிடித்துப் பழகிய கை, அளந்து இழுத்தது. பைப்பு கீழே இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. கை வெளியே வந்தது. மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ஒரு நீலக்கோடு. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். எல்லாம் மடங்கின.

இருவரும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. காருக்கடியில், ஆயில் நாற்றத்தில், மேலே பார்த்தபடி கிடந்தார்கள்.

"வீட்டுல சொல்லாதீங்க மாப்ள," என்றார் மாமனார். மரியாதை திரும்பி வந்திருந்தது. "கண்ணு மங்கல்னு அவங்களுக்குத் தெரியும். இவ்வளவுன்னு தெரிஞ்சா என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. உங்க அத்தை சாப்பாட்டைப் பிசைஞ்சே குடுத்துடுவா. நானே சொல்றேன். கொஞ்ச நாள் குடுங்க."

மாப்பிள்ளை சரி என்றான். தரையில் கிடக்கிற மனிதரிடம் வேறென்ன சொல்ல முடியும்?

வீங்கிய கையோடு மீதி வேலையை முடித்தான். கழலாத அந்த இரண்டாவது நட்டை ரம்பத்தால் அறுத்தெடுத்தான். புது பைப்புகளை மாட்டி, ஆயில் ஊற்றி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. லூசாக விடுகிற யோசனை அவனுக்கு அப்புறம் வரவே இல்லை.

மனைவி மதியம் வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போய் அட்டையைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நல்லா இறுக்கிட்டீங்க போல."

"தீப்பிடிக்கும்னு சொன்னேன்ல."

"இப்ப அவர் ஓட்டிட்டுப் போய் விழுந்தா?"

"மாட்டார்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவன் வீங்கிய கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவள் அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. மாமியாரும் தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் எல்லாருக்கும் எதிரில் சாவியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. அந்த கிளட்சு என்னால ஆகாது. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். தினம் காலையில ஒரு ரவுண்டு போனாப் போதும்."

மாமியார் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மாப்பிள்ளையைப் பார்த்தாள். மனைவியின் கோபம் அங்கேயே இளகியது. ராத்திரி அவளே ஆரம்பித்தாள். "அந்த வீட்டை இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போட முடியுமான்னு கேளுங்களேன். நீங்க இங்க இருந்தாத்தானே அவரும் தானா ஓட்டாம இருப்பார்."

வீட்டுக்காரர் இரண்டு மாதம் தள்ளிப் போடுகிறவர் இல்லை. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மாமனாரும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும், "அடுத்த வாரம் சொல்லிடறேன் மாப்ள" என்கிறார். அவர் சொல்கிற வரையில் மாப்பிள்ளையும் வாய் திறக்க முடியாது.

தினமும் காலை ஆறரை மணிக்கு அவன் அந்தத் தாழ்ந்த சீட்டில் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க உட்காருகிறான். மாமனார் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, "மூணாவது போடுங்க" என்கிறார். எப்போதும் சரியாகத்தான் சொல்கிறார். நேற்று பெரிய சாலைச் சந்திப்பு சிக்னலில் கார் நின்றபோது அவர் நேரே பார்த்துக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சிவப்பா?"

"சிவப்பு மாமா."

"தெரியும்," என்றார் அவர்.