தகடு எந்தப் பக்கம் சாய்ந்தது

மூன்றாவது முறையும் காப்பிக்கொட்டை கருகித்தான் வந்தது, அதுவும் பாதிதான். தட்டில் கொட்டிக் கிளறினால் ஒரு பங்கு கரி, ஒரு பங்கு வைக்கோல் நிறம். மணி ஒன்றரை. காப்பிக் கடைக்காரர் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வறுவல் ஒரே நிறமாக இருந்தால் அவருடைய மூன்று கடைகளுக்கும் இனி இவள்தான் வறுத்துக் கொடுப்பாள். இல்லையென்றால் வேலை பெரிய ஆலைக்குப் போய்விடும். இவளும் உதறிவிட்டு வந்த அலுவலகத்துக்கே கையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. இது அத்தான் வேலை.

அக்காவின் கணவர் பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வறுக்கும் எந்திரத்துக்கு இவள் படம் வரைந்தாள். எவர்சில்வர் தகட்டை உருட்டி டிரம் ஆக்கியது அவர். அடியில் கேஸ் அடுப்பு, சுற்றுவதற்குப் பழைய காரின் வைப்பர் மோட்டார். டிரம் பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதால் கொட்டை பின்னால் உருளும். உள்ளே சாய்வாகப் பற்றவைத்த தகடுகள் அதை அள்ளி முன்னால் தள்ளும். அப்படிப் புரண்டால்தான் எல்லாக் கொட்டையும் ஒன்றுபோல வறுபடும். இங்கே தகடுகளும் சேர்ந்து பின்னால் தள்ளின. கொட்டை பின்சுவரோரம் குவிந்து கிடந்து தீய்ந்தது.

காலையிலிருந்து அடுப்பையும் காற்றையும் திட்டியாகிவிட்டது. டிரம் ஆறியதும் முன்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். படத்தில் தகடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது, டிரம்மில் இடப்பக்கம்.

உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் படத்தில் இருந்த வலதுதான் தப்பு. அவளே வேண்டுமென்று போட்ட தப்பு. யாராவது படத்தைத் திருடிச் செய்தால் அவர்கள் எந்திரம் ஓடக்கூடாது. தன் எந்திரத்தில் மட்டும் மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் டிரம் எதிர்ப்பக்கம் சுற்றும், தப்பான தகடும் சரியாக வேலை செய்யும். அப்படியே மாற்றியும் கொடுத்திருந்தாள்.

கல்லூரியில் இவள் கண்விழித்து வரைந்த எந்திரத்துக்குப் பேராசிரியர் இனிக்க இனிக்கப் பேசித் தன் பெயரைப் போட்டுப் பரிசு வாங்கிக்கொண்டார். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தாள், இனி எவனுக்கும் முழுப்படம் கிடையாது. அத்தான் அந்தத் தாளைப் போனில் போட்டோ எடுத்ததையும் பார்த்திருந்தாள். இவள் உள்ளே வந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதையும்தான்.

தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத் திருடத் தெரியாதா?

பட்டறையில் அவர் ஒரு கேட்டுக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"படத்துல இருக்கிற மாதிரி ஏன் பத்தவைக்கல? கொட்டையெல்லாம் கருகுது."

அவர் முகமூடியைத் தூக்கினார். "வாங்க இன்ஜினியரம்மா. நீ மாத்திப் போட்டிருந்த. கான்கிரீட் கலக்குற மிஷின் எத்தனைக்கு ஒட்டுப் போட்டிருப்பேன்! அந்தச் சாய்வுல வெச்சா உருப்படாது. நீ அவசரத்துல தப்பு விட்டிருப்பன்னு நானே திருத்திட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்டயா? போல்ட்டு சைஸ் தப்புன்னு சொன்னதுக்கே மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த."

"மூணா? அஞ்சு," என்றாள் அக்கா.

"போட்டோ எதுக்கு எடுத்தீங்க?"

"இந்தக் கையோட உன் காகிதத்தைத் தொட்டா சும்மா விடுவியா?" கிரீஸ் அப்பிய கையை விரித்துக் காட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "இரு. நான் வெச்சது சரி. அப்படியும் கருகுதுன்னா மோட்டார் மாறிச் சுத்துது. ஒயரை மாத்திக் குடுத்தியா?"

தெரியாமல் மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளுக்கு அது வராது.

"ஆமா. படத்துல வேணும்னேதான் தப்பாப் போட்டேன். யாராச்சும் பாத்து செஞ்சுட்டா ஓடக்கூடாதுன்னு."

"யாராச்சும்னா?"

அந்தப் படத்தைப் பார்த்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அக்கா டிபன் பாத்திரத்தை மூடினாள். "ஏன்டி, சொந்த அக்கா புருஷனைப் பாத்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் முகமூடியை இறக்கிவிட்டுக் கம்பிக்குத் திரும்பினார்.

தன் இடத்துக்குத் திரும்பினாள். ஒயரை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்காவது முறை கொட்டை அலையடிப்பதுபோல முன்னும் பின்னும் புரண்டது. சரியான நேரத்தில், பதம் வந்ததற்கு அடையாளமாக, படபடவென்று வெடித்தது. சல்லடையில் கொட்டி ஆற வைத்தபோது எல்லாம் ஒரே பழுப்பு. சந்தோஷம்தான் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் நம்பும்படி இருந்தது. பேராசிரியர் சொன்னதும் அப்படித்தானே இருந்தது?

கடைக்காரர் வந்தார். ஒரு கொட்டையை நகத்தால் பிளந்தார், இன்னொன்றைக் கடித்தார், சல்லடையின் அடியிலிருந்து ஒரு கை அள்ளியும் பார்த்தார்.

"திங்கக்கிழமை மூட்டை அனுப்புறேன்மா," என்றார். அப்புறம் டிரம்மைத் தட்டினார். "வெல்டிங் பிரமாதம். யாரு செஞ்சது?"

"எங்க அத்தான்."

"எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் இந்த மாதிரி மிஷின் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவர் நம்பரைக் குடு."

அவள் சொன்னாள். கடைக்காரரின் தடித்த விரல் ஓர் எண்ணை மாற்றி அழுத்தியது. கடைசி எண் ஒன்பது, திரையில் ஆறு. அவள் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அத்தான் போனில் இருக்கும் படம் அதோடு நின்றுவிடும், யாரும் கேட்கப்போவதில்லை.

"கடைசியில ஒம்பது," என்றாள்.

அவர் திருத்தி, அங்கேயே நின்று அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலியே!"

"வெல்டிங் சத்தத்துல கேட்டிருக்காது," என்றாள் அவள். "விடாம அடிங்க."