இறங்க மறுத்த மாற்று ஆள்

வாரத்துக்கு ஒரே படகு. வந்தால் இருபது நிமிடம்தான் நிற்கும். மாற்று ஆள் இறங்கிச் சாவியை வாங்கினால்தான் பழைய ஆள் ஏறலாம் என்பது அந்தத் தீவு விடுதியின் சட்டம். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை ஆளில்லாமல் விட முடியாதே!

அதை இயக்கும் ஆபரேட்டர் பெட்டியும் கையுமாகப் படகுத்துறையில் குட்டி போட்ட பூனையாய் நடந்துகொண்டிருந்தான். நாளை மறுநாள் மனைவிக்குப் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாற்று ஆள் வந்தான். ஆனால் படகை விட்டு அசையவில்லை.

"இறங்குப்பா, நேரமாகுது!"

"நான் இப்படியே திரும்பிடறேண்ணே. நீங்கதானே போன்ல சொன்னீங்க? பம்ப் சத்தத்துல காது போயிடும், உப்புக் காத்துல தோல் உரியும், பேச்சுத் துணைக்கு நண்டுதான்னு!"

ஆபரேட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். சீக்கிரம் ஆள் அனுப்பட்டும் என்று, அலுவலகத்தில் போனை எடுத்த எல்லோரிடமும் ஆறு மாதமாக அழுது தீர்த்திருந்தான். எடுத்தவர்களில் இவனும் ஒருவன்!

"அது... கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்."

"எவ்வளவு கூட்டி?"

படகோட்டி இன்ஜினைக் கிளப்பினான்.

"சரி, எல்லாமே நிஜம்தான். ஆனா என் பொண்டாட்டிக்கு நாளன்னிக்குப் பிரசவம்டா!"

மாற்று ஆள் முறைத்தான். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" பையோடு குதித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

ஆபரேட்டர் ஏறி உட்கார்ந்ததும் படகு நகர்ந்தது. கரையோரக் கொட்டகையில் பம்ப் திணறும் சத்தம் கேட்டதுமே துள்ளி எழுந்து கரையை நோக்கிக் கத்தினான்.

"இடது பக்க வால்வைத் திற! இடது!"

சத்தம் சீரான பிறகும் அவன் உட்காரவில்லை; ஆறு மாதம் திட்டித் தீர்த்த பம்புக்கே காது கொடுத்தபடி நின்றான்.