போர்டுக்காரி

கல்லூரி வாசலில் கட்டியிருந்த விளம்பர போர்டின் படத்திலிருந்து தையல்காரரின் மகள் இறங்கி வேலைக்குப் போனது ஒரு திங்கட்கிழமை காலை. அந்த நேரத்தில் தையல்காரரின் மகள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டும் இருந்தாள். கம்பெனி பஸ் டிரைவர் போர்டுக்காரியின் அடையாள அட்டையைப் பார்த்து ஏற்றிக்கொண்டார். அட்டை சரியாக இருந்ததால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

கடைசி ஆண்டில் ஒரு கம்பெனி வந்து வகுப்பில் பாதிப் பேரைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரி சூட்டோடு சூடாக அவர்களைப் படம் பிடித்து, எல்லார் கழுத்துக்குக் கீழேயும் ஒரே நீலக் கோட்டுப் படத்தை ஒட்டி, மாடி உயரத்துக்குப் போர்டு வைத்தது. மகள் படிப்புக்காக ஓவர்லாக் மெஷினை விற்றிருந்த தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தார். கோட்டுக் காலர் கோணல் என்பதைத் தவிர அவருக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சேரும் தேதியை அப்புறம் சொல்கிறோம் என்றது கம்பெனி. பிறகு அப்படிச் சொல்வதையும் நிறுத்திக்கொண்டது. இரண்டு வருஷம் ஓடியது. மற்ற இடங்களில், இந்த வருஷம் முடித்தவர்கள்தான் வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் அனுபவம் கேட்டார்கள். தெருவிலோ, புது வேலை எப்படிப் போகிறது என்று கேட்டே அவளைக் கொன்றார்கள். போர்டிலிருந்து என் படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்கக் கல்லூரிக்குப் போனாள். ஒரு காலத்தில் மகளே மகளே என்று உருகிய வேலைவாய்ப்பு அதிகாரி இப்போது நாற்காலிகூடக் காட்டவில்லை.

“போர்டைப் பார்த்துத்தாம்மா அட்மிஷனே நடக்குது. உன் ஒருத்திக்காக அதுல ஓட்டை போடச் சொல்றியா?”

ஓட்டை தானாகவே விழுந்தது, அந்தத் திங்கட்கிழமை.

சாயங்காலம் போர்டுக்காரி நேராக வீட்டுக்கு வந்தாள்; அவளுக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான். அம்மா முதல் நாள் கதவைச் சாத்தினாள். மறுநாள் ஒருக்களித்து வைத்தாள். சம்பளம் வந்து, பழைய ஃபிரிட்ஜ் போய்ப் புதுசு வந்ததும், திறந்தே வைத்தாள். எவள் அசல் என்று சொந்தக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவள்தானே அசல். ஒருநாள் அம்மா நல்ல விதமாகவே சொன்னாள்.

“அவ காலையில சீக்கிரம் எந்திரிக்கணும்டி. கட்டில்ல அவ படுக்கட்டும்.”

அப்பா மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அவர் போர்டுக்காரியை விளக்கடியில் உட்காரவைத்து, கோட்டுக் காலரைப் பிரித்து, கோணல் எடுத்து, நேராகத் தைத்துக் கொடுத்தார். முடிந்ததும் தோளைத் தட்டித் தூசியும் துடைத்துவிட்டார். கம்பெனி ஏமாற்றியதையும் கல்லூரி ஏமாற்றியதையும் தாங்கியவளுக்கு அந்தத் தட்டலைத் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமும் தன்னையா வளர்த்தார்கள், தனக்குக் கிடைக்கப்போகும் வேலையையா என்று யோசித்தபடி தரையில் படுத்திருந்தாள்.

விடிந்ததும் கல்லூரிக்குப் போய், போர்டின் சாரத்தில் ஏறி, ஓட்டைக்குள் நின்றுகொண்டாள். அளவு சரியாக இருந்தது. கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டு தானாக வந்து சேர்ந்தது, கோணல் காலரோடு. காவலாளி அண்ணாந்து பார்த்து, எல்லாரும் இருக்கிறார்கள் என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

அது அட்மிஷன் மாதம். விண்ணப்பத்தோடு வந்த ஓர் அம்மா, தன் பெண்ணை நிறுத்தி மேலே கைகாட்டினாள்.

“பாரு, அந்த அக்கா மாதிரி வரணும்.”

வேண்டாம் என்று மேலே நின்றவள் பலம் கொண்ட மட்டும் தலையை ஆட்டினாள். காற்றுக்குப் போர்டு ஆடுகிறது என்று நினைத்துக் காவலாளி ஏணி போட்டு ஏறி, இன்னொரு கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்.