டாக்டரின் இங்கிலீஷ்

"ஆப்ஸ்டினேட்?" நோட்டைப் பார்த்துக் கேட்டாள் மகள்.

"பிடிவாதம். உங்கம்மா," என்றார் அப்பா, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு.

பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் மெக்கானிக். ஓய்வு பெற்ற அன்று மேலாளர் அவரைப் பற்றிக் கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். பாராட்டுகிறாரா, வாருகிறாரா என்றே தெரியாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே அகராதி வாங்கினார். சின்ன வார்த்தைகளைச் சீந்த மாட்டார். "நட்டு போல்ட்டெல்லாம் கழட்டியாச்சு, இனி இன்ஜின்தான்" என்பார். நாளுக்கு ஐந்து வார்த்தை, நான்கு வருடமாக ஒரு நாள் விட்டதில்லை.

டாக்டர் வந்தார். சின்ன வயசு. அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மகளிடம் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பேசினார். இதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது, இனி மருந்தில்லை. கடைசியில் 'இம்மினென்ட்' என்றார். அவள் நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு.

"இம்மினென்ட்! போன வாரம்தான் படிச்சேன். இதோ வந்துடுச்சுன்னு அர்த்தம். எமினென்ட்னா பெரிய மனுஷன். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டு டாக்டரைக் கைகாட்டினார். "யூ ஆர் எமினென்ட். மை டெத் இஸ் இம்மினென்ட். கரெக்டா?"

டாக்டர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க ஐயா, உங்களுக்குப் புரியாதுன்னு..."

"அதை விடுங்க. கரெக்டா, தப்பா?"

"கரெக்ட்தான், ஐயா."

"பாத்தியா!" என்று மகளின் கையைத் தட்டினார். மக்கர் செய்த பஸ் உறுமிக் கிளம்பும்போது வருகிற அந்த முகம். கண்ணைத் துடைக்காமலே அவளும் சிரித்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மிச்சத்தையெல்லாம் அவரிடமே தமிழில் சொன்னார். அப்பா கேட்டது ஒன்றுதான், வலிக்காமல் இருக்குமா என்று. வலிக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார் டாக்டர். டாக்டர் கிளம்பும்போது அப்பா விடவில்லை. தெரியாத வார்த்தை ஒன்றை நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நான்காவது முறை பாதியில் தூங்கிப்போனார். மதியம் மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

அம்மா வீட்டிலிருந்து சலவைச் சட்டையோடு வந்தபோது நர்ஸ் குழாயை எடுத்திருந்தாள். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கடைசியா என்ன பேசினார்?" என்றாள்.

மகள் சொன்னாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. புரிந்ததும், "டாக்டர்கிட்டயேவா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குலுக்கம் நிற்க நேரமாயிற்று.

பிறகு சட்டையைப் பிரித்து, காலரை விரலால் நீவினாள்.

"அப்பா கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா," என்றாள்.